ஏழு வாரப் பச்சை

எங்கள் அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. நேரில் அக்கா, மறைவில் சல்லடை. மறைவில் என்றா சொன்னேன்? அவருக்கு அது நன்றாகவே தெரியும். தன் தேநீர்க் கோப்பையில் ‘சல்லடை’ என்று தானே எழுதி ஒட்டிவைத்திருந்தார், வேறு எவனும் எடுத்து வாய் வைத்துவிடக் கூடாது என்பதற்காக. அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நடுநடுவே என்னையும் திட்டிக்கொள்வேன், கண்டுகொள்ளாதீர்கள்.

டயர் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் எங்கள் அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் புழுக்கம். அங்கே உட்கார்ந்து பள்ளிக்கூடங்களுக்குச் செயலி செய்கிறோம். ஒரே நிர்வாகம், வெவ்வேறு ஊர்களில் நாற்பத்திரண்டு கிளைகள். பெற்றோர்கள் கைபேசியைத் திறந்தால் பிள்ளை இன்று பள்ளிக்கு வந்தானா, கணக்கில் எத்தனை வாங்கினான் என்று பார்த்துக்கொள்ளலாம். சர்வர் பக்கம் எழுதுவது நான். நான் எழுதியதைச் சலித்துப் பார்ப்பது அக்கா.

சோதனை என்றால் பொத்தான் வேலை செய்கிறதா, மதிப்பெண் வருகிறதா என்று பார்ப்பது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அதற்கு வேறு இரண்டு பேர் இருந்தார்கள். வரக் கூடாதது வராமல் இருக்கிறதா என்று பார்ப்பதே அக்காவின் வேலை. இது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. கைபேசித் திரையில் தெரிவது வேறு, சர்வர் அனுப்பிவைப்பது வேறு. நீங்கள் மதிப்பெண்ணைக் கேட்டால் சர்வர் ஒரு மூட்டையைக் கட்டி அனுப்பும். செயலி அதை அவிழ்த்து, காட்ட வேண்டியதை மட்டும் காட்டும். மிச்சம் மூட்டைக்குள்ளேயே கிடக்கும். கொஞ்சம் விவரம் தெரிந்தவன் கணினியில் உட்கார்ந்து இரண்டு தட்டுத் தட்டினால் மொத்த மூட்டையையும் பிரித்துப் படித்துவிடலாம். ஏபிஐ, ரெஸ்பான்ஸ், ஃபீல்டு என்று நாங்கள் வாய் ஓயாமல் பேசுவதெல்லாம் இந்த மூட்டையையும் அதற்குள் இருக்கும் சாமான்களையும் பற்றித்தான். அவசரத்தில் எங்களைப் போன்றவர்கள் அதற்குள் எதையெல்லாம் வாரிப் போடுகிறோம் என்று பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் அக்கா பதினொரு வருஷம் ஒரு ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர். அங்கே ஒருநாள் கவுன்ட்டரில் இருந்தவன் ஒரு பெண்ணின் பரிசோதனை முடிவை, பக்கத்தில் அவள் புருஷனும் மாமியாரும் நிற்க, உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறான். கேட்டது ஒரு சீட்டு, அவன் படித்தது மூன்று சீட்டு. “அந்தப் பொண்ணு முகத்துல ஈயாடல தம்பி. அவன் ஒண்ணும் கெட்டவன் இல்ல, கையில இருந்ததை எல்லாம் படிச்சுட்டான், அவ்வளவுதான்” என்று சொல்வார். அதன் பிறகுதான் கணினி படித்து, முப்பத்தெட்டு வயதில், தன்னைவிடப் பதினைந்து வயது இளையவர்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தார். குட்டையான உருவம். நடந்தால் தரை அதிரும். யாராவது சாக்குப்போக்குச் சொன்னால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “ம்ம், அப்புறம்?” என்பார். அந்த அப்புறத்துக்குப் பயந்தே பல பேர் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள்.

அவருக்கு ஒரு தங்கை. எட்டு வருஷம் அடி வாங்கிய பிறகு, ஐந்து வயதுப் பெண்குழந்தையையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு அந்த வீட்டைவிட்டு வெளியே வந்தவள். புருஷன் வீடுவீடாகப் போய் இணைய இணைப்புக் கொடுக்கிறவன். அக்கா அவன் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை, ‘அந்த ஆளு’ என்பதோடு சரி. கோர்ட்டில் வழக்கு நடந்தது. குழந்தையை அவன் பார்க்கக் கூடாது, ஆனால் படிப்பைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று தீர்ப்பு. மதிப்பெண், வருகை, வகுப்பு, குழந்தையின் பெயர் என நான்கே நான்கு விஷயம். எந்த ஊர், எந்தக் கிளை, எந்த வீடு என்பது அவனுக்குத் தெரியவே கூடாது.

ஐந்து மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு ஊரில் தங்கை வீடு பார்த்தாள். அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது, எல்லாம் காகிதப் பதிவேடு. அதில் சேர்த்துவிடுகிறேன் என்றுதான் அவள் சொன்னாள். அக்காதான் விடவில்லை.

“காகிதத்தை எவன் வேணா எட்டிப் பாப்பான். எங்க கிளை ஒண்ணு அங்க இருக்கு, அதுல சேரு. மூட்டைக்குள்ள என்ன போகுதுன்னு தினமும் நானே பாக்கறேன். என்னைத் தாண்டி ஒண்ணும் போகாது.”

இதைத் தொலைபேசியில் சொன்னபோது நான் பக்கத்து இருக்கையில்தான் இருந்தேன். அக்கா பெருமையடித்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

சொன்னபடியே செய்தார். பொய்யாக ஒரு அப்பாவையும் ஒரு குழந்தையையும் சிஸ்டத்தில் உருவாக்கினார். அந்தப் பொய் அப்பாவுக்கும் அதே கோர்ட் கட்டுப்பாடு. தினமும் காலை ஆறு மணிக்கு அவருடைய டெஸ்ட், அதாவது தானாக ஓடும் சோதனை நிரல், அந்த அப்பாவாக உள்ளே நுழையும், குழந்தையின் விவரத்தைக் கேட்கும், வந்த மூட்டையைப் பிரிக்கும். முதல் வரியில் மதிப்பெண் வந்திருக்கிறதா என்று பார்க்கும். அதற்குப் பிறகு பத்தொன்பது வரிகள். விலாசம் இல்லை, தொலைபேசி இல்லை, கிளை இல்லை, அம்மாவின் வேலையிடம் இல்லை என்று வரிசையாக. கடைசி இரண்டு, வேன் நிறுத்தம், வேன் நேரம்.

“நம்ம செயலியில வேனே கிடையாதேக்கா, எதுக்கு இது?” என்று நான் சிரித்தேன்.

“இன்னிக்கு இல்ல. நாளைக்கு நீயே கொண்டுவருவே” என்றார்.

அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரை. அதில் முந்நூற்றுச் சொச்சம் புள்ளிகள், ஒரு டெஸ்டுக்கு ஒன்று. சரியாக இருந்தால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. ஒன்று சிவந்தாலும் புதிய பதிப்பு வெளியே போகாது. அக்கா காலையில் வந்ததும் பையைக்கூட இறக்காமல் நடுவரிசையில் இருக்கும் அந்த ஒரு புள்ளியை அண்ணாந்து பார்ப்பார். பச்சையாக இருந்தால் தேநீர் போடப் போவார்.

பிரச்சினை என்னவென்றால் அது அடிக்கடி சிவந்தது. திங்கட்கிழமைக் காலைகளில் சோதனை சர்வர் முனகிக்கொண்டே எழுந்திருக்கும். மதிப்பெண் வரத் தாமதமாகும், முதல் வரி தோற்றுப் புள்ளி சிவந்துவிடும். உடனே எங்கள் மேலாளர் மூக்கால் அழ ஆரம்பிப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தேதி. எதைக் கேட்டாலும் “எந்தத் தேதிக்குள்ள?” என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

ஒரு திங்கட்கிழமை நான் பொறுமை இழந்துவிட்டேன்.

“அக்கா, இன்னிக்கும் சிவப்பு. ஏன்க்கா உயிரை வாங்கறீங்க?”

“மார்க் வரல, அதான் சிவப்பு. சர்வரைச் சரி பண்ணு.”

“மார்க் வருதான்னு பாக்க வேற டெஸ்ட் இருக்கு. உங்களுது வரக் கூடாததைப் பாக்கறது. அதுக்குள்ள எதுக்கு மார்க்கு? அந்த முதல் வரியைத் தூக்கிடுங்க.”

“வெறும் மூட்டை வந்தா?”

“வெறும் மூட்டையில விலாசமும் இருக்காதே. அப்ப சரிதானே?”

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. “அட மடையா. பூட்டிக் கிடக்கற வீட்டு வாசல்ல நின்னு பாத்துட்டு, உள்ள திருடன் இல்லன்னு எழுதிக் குடுப்பியா? முதல்ல கதவு திறந்துச்சான்னு பாக்கணும்டா. அப்புறம்தான் இல்லன்னு சொல்லணும்.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்ல முடியும்? என் மண்டையில் ஏறவில்லை. ஏறாமல் என்ன, ஏறியது. அன்றைக்கு வேண்டாமென்று இருந்தது.

அதற்குள் தேதி வந்துவிட்டார். “ஒத்த வரிக்காக நாற்பத்திரண்டு பள்ளிக்கூடமும் காத்துக்கிட்டு இருக்கணுமாம்மா? இது நல்லாவா இருக்கு?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். மூன்று வாரமாக இதே பாட்டு. அக்காவும் மனுஷிதானே, சலித்துப்போனார்.

“சரி, எடு. ஒரே வாரம்தான். அடுத்த திங்கக்கிழமை நீயே திருப்பிப் போட்டுடணும் தம்பி.”

“போட்டுடறேன்க்கா. என்னை நம்புங்க.”

நம்பினார்.

அடுத்த வாரம் கேட்டார், நாளைக்கு என்றேன். அதற்கடுத்த வாரமும் கேட்டார், இதோ என்றேன். பிறகு அவர் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை, அந்த அலைச்சலில் கேட்க மறந்தார். எனக்கு நினைவு இருந்தது. பிறகு எனக்கும் இல்லை. புள்ளி பச்சையாக இருந்தது. பச்சையை யார் திறந்து பார்க்கிறார்கள்?

இதற்கு நடுவில் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒரு புது விதி வந்தது. தொண்ணூறு நாள் கடவுச்சொல்லை மாற்றாத கணக்குகளை எல்லாம் சிஸ்டம் தானாகவே பூட்டிவிடும். நல்ல விதிதான். பொய் அப்பாவுக்குக் கடவுச்சொல்லை யார் மாற்றுவது? அவன் கணக்கும் பூட்டப்பட்டது. அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு அக்காவின் டெஸ்ட் கதவைத் தட்டியது. சர்வர், ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று இரண்டே வரி பதில் அனுப்பியது. டெஸ்ட் அந்த இரண்டு வரியைச் சல்லடை போட்டுத் தேடியது. விலாசம் இல்லை, சரி. கிளை இல்லை, சரி. வேன் நிறுத்தம் இல்லை, சரி. பத்தொன்பதும் சரி. பச்சை.

இரண்டு வாரம் கழித்து வேன் வந்தது. ஆமாம், நானேதான் கொண்டுவந்தேன். பிள்ளையின் வேன் எங்கே வருகிறது என்று பெற்றோர் பார்க்க வேண்டும், வியாழக்கிழமைக்குள் வேண்டும் என்றார் தேதி. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து அனுப்ப நேரமில்லை. குழந்தையின் வேன் பதிவை அப்படியே முழுசாகத் தூக்கி மூட்டைக்குள் போட்டேன். கட்டுப்பாடு உள்ள அப்பாக்களுக்குச் செயலி எழுதுகிறவர்கள் அதைத் திரையில் காட்டாமல் மறைத்துவிட்டார்கள், அதுவரை சரி. ஆனால் மூட்டை எல்லோருக்கும் ஒரே மூட்டைதான். மனசின் ஓரத்தில் ஒரு சின்ன உறுத்தல் இருந்தது, மறுக்கவில்லை. தப்பாக இருந்தால் அக்காவின் புள்ளி சிவக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எந்த டெஸ்டின் கண்ணை நான் பிடுங்கினேனோ அதையே காவலுக்கு நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என்னைச் செருப்பால் அடித்தால் தகும்.

அதிலிருந்து ஐந்தாவது வாரம், செவ்வாய்க்கிழமை, காலை எட்டே கால். அக்கா அண்ணாந்து புள்ளியைப் பார்த்துவிட்டுத் தேநீர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கைபேசி அடித்தது. தங்கை ஊரிலிருந்து, பள்ளி வேனின் ஓட்டுநர்.

அக்கா கத்தவில்லை. “உயிர் இருக்கா? ரெண்டு பேருக்கும் உயிர் இருக்கா?” என்று மூன்று முறை கேட்டார். பிறகு பையை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அந்த ஆள் வேன் நிறுத்தத்துக்கு வந்திருக்கிறான். தங்கையும் குழந்தையும் வேனுக்காக நின்றிருக்கிறார்கள். குழந்தையின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். தங்கை விடவில்லை. கையில் இருந்த இரும்பு ஸ்பேனரால் அவள் முழங்கையிலும் வாயிலும் அடித்திருக்கிறான், பிடி தளரும்வரை. வேன் வந்து, ஓட்டுநர் ஹாரனை அழுத்தியபடியே இறங்கி ஓடிவந்ததால் குழந்தையை விட்டுவிட்டு ஓடினான். ஓட்டுநர் ஒரு நிமிஷம் தாமதமாக வந்திருந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான்.

ஐந்து மணி நேரப் பயணத்தில் அக்கா தன் சொந்தக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் கிழித்தார். “மாமா, நீங்கதானே சொன்னீங்க? குடிச்சுட்டு உளறினீங்களா?” என்றார். பெற்ற தாயையும் விடவில்லை. “அம்மா, பேத்தியைப் பாக்கணும்னு அவன்கிட்ட ஏதாவது வாயை விட்டியா? உண்மையைச் சொல்லு. என் தலை மேல அடிச்சுச் சொல்லு.” அந்தப் பக்கம் அந்த அம்மா அழுவது எனக்கே கேட்டது. ஊர் பெயரே அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டாமென்று அக்காதான் சொல்லாமல் வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் தங்கைக்கு முழங்கையில் கட்டு, முன்பற்கள் இரண்டு இல்லை. குழந்தை கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. பெரியம்மா கூப்பிட்டும் வெளியே வரவில்லை. அக்கா தரையில் உட்கார்ந்து, கையை மட்டும் கட்டிலுக்கு அடியில் நீட்டி வைத்துக்கொண்டார். குழந்தை அந்தக் கையில் ஒரு விரலைப் பிடித்துக்கொண்டது.

“எப்படிடி தெரிஞ்சுது அவனுக்கு?”

தங்கையால் சரியாகப் பேச முடியவில்லை. வீங்கிய உதட்டோடு மெதுவாகச் சொன்னாள்.

“வந்ததும் சிரிச்சான்க்கா. ‘ஏழு நாப்பதுக்குத்தானே வேன்? பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன் பாரு’ன்னான்.”

எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. ஏழு நாற்பது என்பது எந்தச் சொந்தக்காரருக்கும் தெரியாத நேரம். என் மூட்டையில் மட்டும் இருந்த நேரம். அங்கேயே காலில் விழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் திரும்பி வரும் வழி முழுக்கவும் சொல்லவில்லை. ஐந்து மணி நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பக்கத்தில் அக்கா யார் சொல்லியிருப்பார்கள், யார் சொல்லியிருப்பார்கள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் புள்ளியைப் பார்த்தார். பச்சை. உட்கார்ந்தார். டெஸ்டை நம்பாமல், தன் கையாலேயே பொய் அப்பாவாக உள்ளே நுழையப் பார்த்தார். அனுமதி இல்லை என்று வந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். கணக்கின் பூட்டைத் திறந்து, புதிய கடவுச்சொல் போட்டு, மறுபடி நுழைந்து மூட்டையைப் பிரித்தார். மதிப்பெண், வருகை, வகுப்பு, பெயர். அதற்குக் கீழே கிளை, தெரு, வேன் நிறுத்தம், வேன் நேரம். பிறகு பழைய பதிவுகளைத் திறந்து தினமும் காலை ஆறு மணிக்குத் தன் டெஸ்ட் எதைப் படித்துவிட்டுப் பச்சை என்றது என்று பார்த்தார். இரண்டு வரி. முந்தைய நாளும் இரண்டு வரி. ஏழு வாரம் ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தார். நடுவில் நிறுத்தவே இல்லை.

கடைசியாக அந்த ஆளின் உண்மையான கணக்கைத் திறந்தார். பல மாதமாக மாதம் ஒருமுறை மதிப்பெண் பார்த்துக்கொண்டிருந்தவன். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் ஒரே நாளில் பதினேழு முறை கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு தினமும் காலை ஒருமுறை. வேன் நேரம் மாறியிருக்கிறதா என்று பார்த்திருக்கிறான்.

நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

“உனக்கு எப்ப தெரிஞ்சுது தம்பி?”

“ஆஸ்பத்திரியில.”

“வழியெல்லாம் பேசாம வந்தியே.”

அவ்வளவுதான் கேட்டார். ஒரு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். திட்டியிருந்தால் இன்னும் நல்லது. “நீங்க முதல் வரியை எடுக்க வேண்டாம்னுதானேக்கா சொன்னீங்க” என்று ஏதோ உளறினேன். “சொன்னேன். அப்புறம் எடுன்னும் நான்தான் சொன்னேன். என் தங்கச்சிகிட்ட என்னைத் தாண்டி ஒண்ணும் போகாதுன்னு சொன்னதும் நான்தான். நீயா சொன்னே?” என்றார்.

அன்றே ஓட்டையை அடைத்தோம். தேதி கதவைச் சாத்திக்கொண்டு, விஷயம் வெளியே தெரிய வேண்டாம், சட்டப் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்றார். கட்டுப்பாடு உள்ள குடும்பங்கள் சிஸ்டத்தில் அறுபத்து மூன்று இருந்தன. அக்கா அந்த அறையிலிருந்து நேராக வந்து தன் மேசைத் தொலைபேசியை எடுத்து முதல் அம்மாவை அழைத்தார். “உங்க குழந்தையோட வேன் நிறுத்தம் அஞ்சு வாரமா அதோட அப்பாவுக்குத் தெரியற மாதிரி இருந்திருக்கும்மா. தப்பு எங்களுது. நாளைக்கு அந்த நிறுத்தத்துல நிக்காதீங்க.” தங்கையை விட்டால், இரண்டு நாளில் அறுபத்து இரண்டு அழைப்புகள். பாதியை நான் பேசினேன். சிலர் அழுதார்கள், ஒரு அம்மா என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். தேதி மேசையருகே வந்து நின்றார். “வேலையை விட்டுத் தூக்கறதுன்னா தூக்குங்க சார். ஆனா போன் வயரைப் பிடுங்காதீங்க” என்றார் அக்கா. தூக்கவில்லை. தூக்கினால் வெளியே பேசுவார் என்ற பயம்.

டெஸ்டையும் மாற்றி எழுதினார். எது வரக் கூடாது என்ற பட்டியலே இப்போது கிடையாது. வர வேண்டிய நான்கும் வந்திருக்க வேண்டும், ஐந்தாவதாக எது வந்தாலும் சிவப்பு. தினமும் அந்த மூட்டையைத் தன் கையாலும் ஒருமுறை பிரித்துப் பார்க்கிறார். பச்சை என்றாலும் பார்க்கிறார்.

அந்த ஆளைப் போலீஸ் பிடித்தது. இருபத்தோராவது நாள் ஜாமீனில் வந்துவிட்டான். செய்தி வந்த அன்றே தங்கை வீட்டைக் காலி செய்யத் தொடங்கினாள். உதவிக்கு அக்கா போனார். சாமான் கட்டும்போது நடந்ததை என்னிடம் ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

ஒரு கையில் கட்டோடு தங்கை துணிகளை மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எந்த ஊருக்குப் போகப் போகிறாய் என்று அக்கா கேட்டிருக்கிறார்.

“கேக்காதக்கா.”

“என்கிட்டயுமா?”

“உன்கிட்டதான்.”

“நான் எவன்கிட்டடி சொல்லப்போறேன்? நாக்கை அறுத்துப்பேன்.”

“நீ சொல்லலக்கா. நீ சொல்ல மாட்டேன்னு தெரியும். போன தடவையும் நீ சொல்லல.” அவள் மடித்த துணியைப் பைக்குள் வைத்திருக்கிறாள். “ஆனா உனக்குத் தெரிஞ்சிருந்தா எனக்குத் தூக்கம் வராதுக்கா. என்னைத் தப்பா நினைக்காதே.”

அக்கா மற்ற சாமான்களைக் கட்டி முடித்திருக்கிறார். வாசலில் வண்டி வந்ததும் குழந்தை, “பெரியம்மா எந்த வண்டியில வராங்க?” என்று கேட்டிருக்கிறது. வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கக் கூடாதென்று அக்கா வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டார்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை தங்கை கூப்பிடுவாள், எண் தெரியாதபடி. மூன்று நிமிஷம் பேச்சு. நல்லா இருக்கோம், குட்டிக்குப் பல் விழுந்து முளைக்குது, அம்மா மாத்திரை சாப்பிடுதா என்பதோடு முடிந்துவிடும். அக்காவால் திருப்பிக் கூப்பிட முடியாது. பதினேழு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தது. இந்த மாதம் முதல் ஞாயிறு வரவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை. இன்றோடு பத்தொன்பது நாள்.

இன்று மதியம் எனக்குப் பொறுக்கவில்லை. குழந்தை எங்கேயாவது ஒரு பள்ளியில் படித்துத்தானே ஆக வேண்டும், இந்த வேலையில் எனக்குத் தெரிந்தவர்கள் பல பள்ளிகளுக்குச் செயலி செய்கிறார்கள். மெதுவாகக் குனிந்து, “நான் தேடிப் பாக்கட்டுமாக்கா? ரெண்டு நாள் வேலை. நல்லா இருக்காங்களான்னு மட்டும் தெரிஞ்சுப்போம்” என்றேன்.

என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். வலித்தது.

“நீ தேடினா கிடைச்சுடுவாளா?”

“கிடைப்பாங்கன்னுதான் நினைக்கிறேன்.”

“அப்ப அவனுக்கும் கிடைப்பா. அவ கிடைக்க மாட்டாள்னு நினைச்சுக்கிட்டுதான் நான் சோறு தின்னுட்டு இருக்கேன். கையை வெச்சே, கொன்னுடுவேன்.”

பிடியை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்பினார். கைபேசியை விசைப்பலகைக்குப் பக்கத்தில் திரை மேலே தெரியும்படி வைத்திருந்தார். ஆறு மணிக்கு எல்லோரும் கிளம்பினோம். அவர் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன் என்றார்.